பெரியநாச்சிக் கண்மாய் கோவிச்சுக்கிட்டுப் போனது

பெருங்கரையூர் தாலுகாவோட வரலாற எழுதணும்னு நோட்டும் பேனாவுமா வந்து உக்காந்திருக்கீக, சந்தோசம், காப்பியக் குடிச்சுட்டு எழுதிக்கங்க, ஆனா ஒன்னு, ஆபீசுல குடுத்த காயிதத்தப் பாத்து எழுதாதீக, அதுல எங்க தாலுகா வச்ச எடத்துல அசையாமக் கெடக்குற மாதிரி இருக்கும். மேக்க செவல் மண்ணு, நடுவுல கரிசல், கெழக்க போகப் போக மணலு, மணல் முடியிற எடத்துல கடலு, அம்புட்டுதேன் தாலுகா. மலை கெடையாது, ஆறுன்னு வாய் நெறையாச் சொல்லிக்கிற மாதிரி ஆறும் கெடையாது, எங்க ஊருப் புள்ளைக ஒசரமா ஏறி நின்னு எதையாச்சும் பாக்கணும்னா கண்மாய்க் கரையிலதான் ஏறணும். அம்பத்திரண்டு கண்மாய் இருக்கு. மேக்க இருக்குற மொதக் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சா ரெண்டாவதுக்குத் தண்ணி, ரெண்டாவது நெறஞ்சா மூணாவதுக்கு, இப்படியே ஒன்னுகிட்ட ஒன்னு வாங்கிக் குடிச்சுக் குடிச்சுக் கடைசிக் கண்மாய் மிச்சத்தக் கடலுக்குக் குடுத்துரும். இங்க எவுகளுக்கு எவுக சொந்தம், எவுகளுக்கு எவுக பகைன்னு தெரியணும்னா யார்கிட்டயும் கேக்க வேணாம், எந்தக் கண்மாய்த் தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகுதுன்னு பாத்தாப் போதும்.

நான் வாக்கப்பட்ட ஊரு இந்தச் செவ்வலேந்தல், வரிசையில நாலாவது கண்மாய். நான் பொறந்த ஊரு கருக்காக்குடி, ஒன்பதாவது. நடுவுல ஏழு மைல். எங்க கண்மாய்க்குப் பேரு பெரியநாச்சி, அவ கருக்காக்குடிப் பொண்ணு, எத்தனை தலைமொறைக்கு முந்தியோ இங்க வாக்கப்பட்டு வந்தவ. அப்ப செவ்வலேந்தல்ல கண்மாயும் இல்ல ஒன்னும் இல்ல, வந்த மறுமாசமே அவ இடுப்புல கொடத்தோட ஏழு மைல் நடந்து பொறந்த வீட்டுக்குப் போயி, தண்ணி மோந்துக்கிட்டு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம ஏழு மைல் திரும்பி வந்தா. மறுநாளும் போனா. மூணாம் நாளு அவுகப்பன் பாத்தாரு. அவரும் ஒரு வார்த்தை பேசல, நாலு மகன்களையும் கூப்பிட்டாரு, ஊரக் கூப்பிட்டாரு, ஆளுக்கொரு மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு மக பின்னாலயே நடந்து வந்து மூணு கோடை இங்கனயே கெடந்து வெட்டுனாக. பொண்ணுக்குச் சீரா அண்டா குடுப்பாக, கட்டில் குடுப்பாக, கருக்காக்குடிக்காரக கண்மாயக் குடுத்தாக. அதுக்குப் பதில் மரியாதையா வருசா வருசம் கண்மாய் வத்தி ஊரே எறங்கி மீன் பிடிக்கிறப்ப மொதக் கூடை மீனு கருக்காக்குடிக்குப் போகும். அது எப்ப நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியல. மீன ஏலத்துல விட ஆரம்பிச்சப்ப நின்னுச்சுங்கிறாக சில பேரு, தூக்கிட்டுப் போற ஆளுக்கு வாயில புத்து வந்து செத்தப்ப நின்னுச்சுங்கிறாக சில பேரு, கேட்டா ஆளாளுக்கு ஒரு வருசம் சொல்வாக.

அடுத்து ஒன்னு சொல்றேன், எழுதாட்டியும் பரவாயில்ல, ஆனா அது தெரியாம இந்தக் கதை வெளங்காது. கருக்காக்குடியில எங்கண்ணன் தவசி வீட்டு வாசல நான் பத்தொம்போது வருசமா மிதிக்காம இருந்தேன். எனக்கு அவரு ஒரே அண்ணன். எம் மக கௌசல்யாவுக்கு ஒரு வயசுல காது குத்து வச்சோம், தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், மாமன் மடி இல்லாம குத்துனா எங்க பக்கம் அது காது குத்தே இல்ல. நல்ல காரியத்துக்கு அழைக்கிறதுன்னா புருசனும் பொஞ்சாதியும் சோடியாப் போயி, தட்டுல வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். ஒத்தை ஆளா வந்து சொன்னா அது எளவு சொல்ல வர்றது. இது எனக்குத் தெரியாதா, நல்லாத் தெரியும், ஊருக்கெல்லாம் சோடியாத்தேன் போனோம். எங்கண்ணன் வீட்டுக்கு மட்டும் எங்க வீட்டுக்காரர, இவர, ஒத்தையா அனுப்பிச்சேன். நம்ம அண்ணந்தானே, நம்ம வீடுதானே, அதுக்கென்ன பெருசா மொறைன்னு நெனச்சு நான் மாவு இடிக்க உக்காந்துட்டேன்.

அண்ணன் வரல. உச்சிப் பொழுது வரைக்கும் புள்ளைய வச்சுக்கிட்டுப் பாதையப் பாத்தேன், ஆசாரி அவசரப்படுத்துனாரு, இவுக பெரியப்பா மகன் ஒருத்தரு மடியில உக்கார வச்சுக் குத்திப்புட்டாக. மறுநாள் காலையில நேரா கருக்காக்குடிக்குப் போயி, வீட்டுக்குள்ள நுழையாம, தெருவே கேக்க, இந்த வாசல இனிமே மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலைன்னு கத்திட்டு வந்துட்டேன். அண்ணன் உள்ளயிருந்து, எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்னு ஒரு சொல்லு சொன்னாரு. எங்காத்தா செத்தப்பக்கூட தெரு முக்குல வேப்ப மரத்தடியில நின்னு அழுதுட்டுத் திரும்பிட்டேன். அந்த ரோசத்த இப்ப நெனச்சா என்னையே நாலு சாத்துச் சாத்தணும் போல இருக்கு.

இப்பக் கண்மாய்க்கு வாரேன். போன வருசம் புரட்டாசி மாசம், வெசாழக்கெழமை, ஊரே புழுதியில நெல்ல வெதச்சுட்டு மழையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க பக்கம் அப்படித்தேன், வெத மொதல்ல மண்ணுக்குள்ள போயிரும், மழை பெஞ்சு மொளைக்கும், மழை விட்டப்புறம் கண்மாய்த் தண்ணிதான் அதக் கதிரு வரைக்கும் தூக்கி நிறுத்தும். நாங்க பதினேழு பொம்பளைக நூறு நாள் வேலையில கண்மாய்க் கரைக்கு மண்ணு போட்டுக்கிட்டு இருந்தோம். பதினோரு மணிக்குத் தூக்குவாளியத் தொறந்து கரையில வரிசையா உக்காந்து கஞ்சி குடிக்கிறப்ப, கரை லேசா ஒரு தூக்குத் தூக்குச்சு. கொளம்பு கிண்ணம் சாயல, ஒன்னும் இல்ல, எருமை எந்திரிக்கிறப்ப மொதல்ல பின்னங்கால ஊனுமே அந்த மாதிரி கண்மாய் மேக்கால கரைய ஊனி எந்திரிச்சு, தண்ணியோட, மீனோட, கரையில நின்ன கருவ மரத்தோட, எங்க பதினேழு பேரோட, கெழக்கப் பாத்து நடந்துச்சு.

மெதுவாத்தேன் போச்சு. எறங்கணும்னு நெனச்சிருந்தா எறங்கியிருக்கலாம், ஆனா பாதிக் கஞ்சியில யாரு எறங்குவா. வேலைக்கு ஆள் கணக்கு எடுக்குற எங்க மேட் பவித்ராப் புள்ளை போன்ல வருகைப் போட்டோ எடுக்கப் பாத்துச்சு, எடுக்க எடுக்க எடம் மாறுதுன்னு போனு ஏத்துக்கல. நடுவுல இருந்த நாலு கண்மாயும் ஒதுங்கி வழி விட்டுச்சு. தார் ரோட்டக் கடக்கிறப்ப டவுனு பஸ்சு வந்துச்சு, டிரைவரு இஞ்சின நிறுத்திட்டு ஒரு பீடியப் பத்த வச்சாரு, பஸ்சுல இருந்தவுக எறங்கி வந்து மூஞ்சி கழுவிக்கிட்டாக. கரையில நெதம் மேயிற கொக்குக எங்களோடயே நடந்து வந்துச்சுக. பொழுது சாயிறதுக்குள்ள கருக்காக்குடிக்கு வெளிய, சீமைக்கருவேல் மண்டிக் கெடந்த பொட்டல்ல, ஒரு வீட்டுக்கும் ஒரு வயலுக்கும் எடைஞ்சல் பண்ணாம, பெரியநாச்சி உக்காந்தா.

கருக்காக்குடிக்காரக ஒன்னும் மெரளல. பொண்ணு கோவிச்சுக்கிட்டு வந்தா என்ன பண்ணுவாகளோ அதத்தேன் பண்ணுனாக. என்ன ஏதுன்னு யாரும் கேக்கல, கேக்கவும் கூடாது, வந்தன்னைக்குக் கேட்டா அது தொரத்துற மாதிரி ஆயிரும். எங்க மதினி நாகவள்ளி, தவசி அண்ணன் பொஞ்சாதி, ஆரத்தித் தட்டோட முன்னால வந்தாக, மத்த பொம்பளைக பின்னால வந்தாக, கரைக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு, குங்குமம் வச்சு, மடையில ரெண்டு மொழம் பூவச் சுத்துனாக. எங்களுக்கு மோரு குடுத்தாக. பதினாறு பேரும் குடிச்சுட்டு எறங்கி ஷேர் ஆட்டோவப் பிடிச்சு ஊருக்குப் போயிட்டாளுக. நான் எறங்கல. எறங்குனா கருக்காக்குடி மண்ணு. கரை செவ்வலேந்தல் மண்ணு. நான் மிதிக்க மாட்டேன்னு சொன்னது வாசலத்தான், ஆனா பத்தொம்போது வருசத்துல அந்தச் சொல்லு வாசலத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவத் தாண்டி எல்லைக்கே வந்திருச்சு.

இவரு மறுநாள் காலையில ஏழு மைல் நடந்து வந்தாரு. எங்க வீட்டுக்காரரு சோணைமுத்து ஊருக்கு நீர்பாய்ச்சி, மடையத் தொறந்து எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணின்னு பிரிச்சு விடுறவரு, கண்மாய் எங்கயோ இவரு அங்க. என்னயப் பாத்து, வீட்டுக்கு வாறியான்னு கேட்டாரு. வந்தா இந்த மண்ண மிதிச்சுத்தானே வரணும்னேன். பனை ஓலை வெட்டிட்டு வந்து கரையில ஒரு குச்சலக் கட்டிக் குடுத்துட்டு மடையப் பாக்கப் போயிட்டாரு. மடை எங்கண்ணன் வயலுக்கு நேரா வாயத் தொறந்து கெடந்துச்சு. வாழ்க்கையில மொத தடவையா இவரு மச்சான் வயலுக்குத் தண்ணி பாச்சுனாரு, எங்கண்ணன் வரப்புல முதுகக் காட்டிக்கிட்டு நின்னு அதப் பாத்தாரு. முதுகக் காட்டிக்கிட்டு எப்படிப் பாக்க முடியும்னு கேக்காதீக, எங்க குடும்பத்துல முடியும்.

இங்க செவ்வலேந்தல்ல கண்மாய் இருந்த எடம் வழிச்சு விட்ட மாதிரி வெறும் தரையாக் கெடந்துச்சாம். எருமைக உச்சிப் பொழுதுக்கு வழக்கமாப் போற மாதிரி போயி, தண்ணி நின்ன ஆழத்துக்குக் கணக்கா நடுவுல போயி நின்னுக்கிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துச்சுகளாம். பொம்பளைக அழுக்குத் துணிய எடுத்துக்கிட்டுப் போயி, பேசிட்டு, அழுக்கோடயே கொண்டாந்தாளுக. வெதச்ச நெல்லு மண்ணுக்குள்ள கெடக்கு, ஐப்பசி பொறந்தா மழை வந்திரும், மழையப் பிடிச்சு வைக்கக் கண்மாய் இல்லைன்னா மொளைச்சதெல்லாம் தை மாசத்துக்குள்ள கருகிரும், அப்புறம் ஊரு மூட்டையக் கட்ட வேண்டியதுதான். அதனால பிரசிடெண்டு கோட்டைச்சாமி அஞ்சு பெரிய மனுசங்களக் கூட்டிக்கிட்டு, பழந்தட்டோட கருக்காக்குடிக்கு வந்தாரு.

கருக்காக்குடிக்காரக பாய விரிச்சு உக்கார வச்சாக. சாப்பாடு போட்டாக. சாப்புட்டு முடிச்சதும் மதினிதான் பேசுனாக. "எங்க பொண்ணு அங்க என்ன கொறை கண்டுச்சோ எங்களுக்குத் தெரியாது. நாங்க கேக்கவும் இல்ல. ஆனா நாலு பெரிய மனுசங்க வந்து கூப்புட்டா அனுப்புற வழக்கம் எங்ககிட்ட இல்ல. கட்டுனவன் வரட்டும்."

இதுல என்ன தப்பு, சரியான பேச்சுதானே. ஆனா கண்மாயக் கட்டுனவன் யாருன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துருச்சு. பிரசிடெண்டு, நாந்தான்னாரு, ஊர்த் தலைவரு நாந்தானேன்னு. கோயில் தருமகர்த்தா, வருசா வருசம் கண்மாய்க்குப் பூசை போடுறவன் நானு, நீ அஞ்சு வருசத்துக்கு ஒருக்க மாறுற ஆளு, நீ எப்படிப் புருசனாவேன்னாரு. கண்மாய் மீன ஏலம் எடுக்குறவரு மெல்ல எந்திரிச்சு நின்னாரு, எல்லாரும் சேந்து அவர உக்கார வச்சாக. மூணு நாளு பேசி, ஊரு மொத்தமும் புருசந்தான், ஊரோட போறதுன்னு முடிவு பண்ணுனாக.

அதுக்குள்ள தாலுகா ஆபீசுலருந்து தாசில்தாரு வந்துட்டாரு. நல்ல மனுசன், கண்மாயச் சுத்தி நடந்து பாத்தாரு, மேப்ப விரிச்சாரு, மடிச்சாரு. பெரியநாச்சிக் கண்மாய் செவ்வலேந்தல்ல இருக்குறதா பதிவு இருக்கு, உத்தரவு இல்லாம நகந்திருக்க முடியாது, அதனால அது செவ்வலேந்தல்லதான் இருக்குன்னு சொன்னாரு. அப்ப இங்க கெடக்குறது என்னன்னு, எனக்குத் துணி கொண்டாந்திருந்த பவித்ரா கேட்டுச்சு. இது அரசாங்கப் பொறம்போக்குல வந்திருக்குற ஆக்கிரமிப்புன்னு சொல்லி, பதினஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணணும்னு கண்மாய் பேருக்கே ஒரு நோட்டீஸ எழுதிக் கருவ மரத்துல ஒட்டிட்டு, மோரு குடிச்சுட்டுப் போனாரு. நோட்டீஸ ஆடு தின்னுருச்சு.

நான் கரையிலயே இருந்தேன். மதினி நெதமும் உச்சிப் பொழுதுக்குச் சோத்துத் தட்டக் கொண்டாந்து கரை ஓரமா இருக்குற கல்லுல வச்சுட்டு, என்னயப் பாக்காம, "கண்மாய்க்குச் சோறு வச்சிருக்கேன்"னு சொல்லிட்டுப் போவாக. இவரு எடுத்து மேல குடுப்பாரு. கத்திரிக்கா கூட்டு, கருவாட்டுக் கொளம்பு, எங்காத்தா கை பக்குவம் அப்படியே இருந்துச்சு. தின்னுக்கிட்டே அழுவேன், அழுதுக்கிட்டே தின்பேன். கரையிலருந்து பாத்தா எங்க வீடு தெரியும், அண்ணன் காலையில வாசல்ல நின்னு பல்லு வெளக்குறது தெரியும், அவருக்கு முடி நரைச்சது தெரியும். பத்தொம்போது வருசமா நான் மனசுல வச்சிருந்தது கருத்த முடி ஆளு. வைறதா இருந்தா இந்த ஆள எப்படி வைறதுன்னு எனக்கே தெரியல.

பத்தாம் நாளு ஊரு வந்துச்சு. கொட்டுச் சத்தம் கேட்டுக் கரையில எந்திரிச்சு நின்னு பாத்தேன். இருநூத்திப் பன்னெண்டு தலைக்கட்டு, வீட்டுக்கு ஒரு ஆம்பளை, அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, முன்னால பிரசிடெண்டு தட்டுல வெத்தலை பாக்கோட. கரை ஓரமா வந்து நின்னு, தாயி பெரியநாச்சி, நடந்தது நடந்து போச்சு, வந்துரு தாயின்னு ஒரே கொரலாச் சொன்னாக. மனசாரத்தான் சொன்னாக, பாதிப் பேரு கண்ணு கலங்கிப் போயி நின்னாக. தண்ணியில ஒரு அலைகூட எந்திரிக்கல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"எதுக்கு இப்பச் சிரிக்கிறே"ன்னாரு இவரு.

"வந்தவுகள்ல ஒரு சீலையாச்சும் தெரியுதான்னு பாருங்க."

பாத்தாரு. "தெரியல. பொம்பளைக எல்லாம் வீட்டுல இருக்காளுக."

"அழைக்க வந்திருக்காகளா, எளவு சொல்ல வந்திருக்காகளா?"

சொல்லி வாய மூடல, சொன்ன சொல்லு எனக்கே திரும்பி வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன். இருநூத்திப் பன்னெண்டு பேரு ஒன்னாச் சேந்து பண்ணுன தப்ப நான் ஒருத்தியாப் பண்ணியிருக்கேன். அத இத்தனை வருசமா அண்ணன் தப்புன்னு சொல்லி ஊரையும் நம்ப வச்சு, நானும் நம்பியிருக்கேன்.

இவரு பக்கத்துல உக்காந்தாரு. கொஞ்ச நேரம் துண்ட மடிச்சாரு, பிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு, "அன்னைக்கு நான் போயி வாசல்ல நின்னப்ப மச்சான் என் முதுகுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு. நீ பின்னால வர்றியோன்னு. மூணு தடவ பாத்தாரு. அப்புறம் உள்ள போயிட்டாரு."

"இத ஏன் இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல, இருளாயி."

நல்லா நறுக்குன்னு நாலு வார்த்தை இவர வைதேன். வைதுட்டு, மதினி சோறு கொண்டாந்த தட்டக் கண்மாய்த் தண்ணியில கழுவுனேன். போயி வெத்தலை பாக்கு வாங்கிட்டு வாங்கன்னேன். வாங்கிட்டு வந்தாரு. சீலைய ஒதறிக் கட்டிக்கிட்டு, அவரு முன்னால, நான் ஒட்டுனாப்புல பின்னால, கரையவிட்டு எறங்குனேன். கருக்காக்குடி மண்ணு கால்ல சுட்டுச்சு. தெருவுல பொம்பளைக வேலைய விட்டுட்டு நின்னாளுக, ஒருத்தியும் வாயத் தொறக்கல, அதுக்கு அவளுகளக் கும்பிடணும்.

அண்ணன் வாசல்ல மருந்தடிக்கிற டேங்கக் கழுவிக்கிட்டு இருந்தாரு. எங்களப் பாத்ததும் கொழாயக் கீழ போட்டுட்டு நிமிந்தாரு. நான் படியில வலது கால வச்சேன். தட்ட நீட்டுனேன். எப்படி அழைக்கணுமோ அப்படியே அழைச்சேன்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கெழமை உங்க மருமகளுக்குக் காது குத்து வச்சிருக்கோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணும். நீங்களும் மதினியும் குடும்பத்தோட மொத நாளே வந்துரணும்."

அண்ணன் தட்டத் தொடல. கையத் துண்டுல தொடச்சாரு, தொடச்சுக்கிட்டே இருந்தாரு. நான் எம் பிடிவாதத்த வச்சு அவரோடத எடை போட்டேன், தட்டத் தட்டி விட்டுருவாருன்னு நெனச்சேன். தட்டி விட்டாலும் வாங்கிக் கட்டிக்கிறதுன்னு நின்னேன்.

"நாகவள்ளி, இங்க வா"ன்னாரு. மதினி கரண்டியோட வெளிய வந்தாக. "வந்து பக்கத்துல நில்லு. சோடியா நின்னுல்ல வாங்கணும்."

ரெண்டு பேரும் நாலு கையால தட்ட வாங்கிக்கிட்டாக. அண்ணன் வெத்தலையவே பாத்துக்கிட்டு, "ஆத்தா செத்தப்ப நீ முக்குல நின்னே. நான் பாத்தேன். வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். வரல"ன்னாரு. நான், நீங்க கூப்புட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்னேன். அது பொய்யி. ஓடி வந்திருப்பேன். அதையும் சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம், இவரு டேங்கு கொழாய எடுத்து மூடி வச்சாரு, தண்ணி வீணாப் போகுதுன்னு.

மறுநாள் பிரசிடெண்டுக்கு ஆள் விட்டேன். பொம்பளைகளக் கூட்டிட்டு வாங்கய்யா, சோடியா வாங்கன்னு. வந்தாக. இருநூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் அடுப்ப அணைச்சுட்டு வந்தாக. புருசன் இல்லாதவுக மகனோட வந்தாக, மகன் இல்லாதவுக அண்ணன் தம்பியோட வந்தாக, தனியாளா இருக்குற டீச்சரம்மா தன் சேக்காளிய இழுத்துக்கிட்டு வந்தாக. பேச்சியம்மா புருசனோட பேசி ஆறு வருசம் ஆச்சு, அவகூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அவரு பக்கத்துல நடந்து வந்தா. எல்லாரும் கரை ஓரமா நின்னு ஒன்னும் கத்தல, பக்கத்து வீட்டுல கூப்புடுற மாதிரி, வீட்டுக்கு வா தாயின்னு கூப்புட்டாக. மதினி மடையில புதுப்பூவச் சுத்தி, ஒரு கை தயிர்ச்சோத்தத் தண்ணியில கரைச்சு விட்டாக. பெரியநாச்சி பின்னங்கால ஊனி எந்திரிச்சா.

திரும்பி வர்றப்ப கரையில எடமில்ல. கருக்காக்குடியில பாதிப் பேரு பொண்ணக் கொண்டு விடுறோம்னு ஏறிட்டாக, எங்கண்ணனும் மதினியும் எம் பக்கத்துல. வெரசாப் போகல, அதுக்குப் போகவும் மனசில்லாம இருக்கவும் மனசில்லாம இருந்துச்சு, எந்தப் பொண்ணுக்கும் அந்த ஏழு மைல் அப்படித்தான் இருக்கும். பழைய எடத்துல வந்து உக்காரலைங்கிறத எழுதிக்கங்க, ரெண்டு பர்லாங்கு கெழக்கத் தள்ளி உக்காந்துச்சு. பொறந்த வீட்டுக்கு ரெண்டு பர்லாங்கு கிட்ட. அதுல பிரசிடெண்டோட தென்னந்தோப்பு ஓரமா நாலு மரம் தண்ணிக்குள்ள போச்சு, அவரு ஒன்னும் பேசல. பத்து நாள்ல மழை வந்துச்சு. நெல்லு மொளைச்சுச்சு. ஆபீசு மேப்புல இன்னும் பழைய எடத்துலதான் போட்டிருக்கு.

வெள்ளிக்கெழமை காது குத்து. கௌசல்யா மதுரையில நர்சு படிப்பு, போன் போட்டு வரச் சொன்னேன். "எனக்குத்தான் காது ரெண்டும் குத்தியிருக்கேம்மா"ன்னா. வாடின்னேன். இருபது வயசுப் புள்ளை, சுடிதாரோட, கரையில பாய விரிச்சு உக்காந்திருந்த மாமன் முன்னால வந்து வெக்கப்பட்டுக்கிட்டு நின்னா. இதுக்கு முந்தி அவரப் பாத்ததே இல்ல. மொறைன்னா மொறைதான், உக்காருடின்னு ஊரே சொல்லுச்சு. உக்காந்தா. எங்கண்ணன் கனம் தாங்காம ஒரு முக்கு முக்குனாரு, எல்லாரும் சிரிச்சோம். மடியிலருந்து ஒரு காயிதப் பொட்டலத்த எடுத்து ஆசாரிகிட்டக் குடுத்தாரு. ஒரு வயசுப் புள்ளைக்குப் போடுற கம்மலு, பச்சைப் பயறு அளவு கூட இருக்காது. அன்னைக்கே வாங்கி வச்சிருந்திருக்காரு, வாங்கி வச்சுக்கிட்டு வாசல்ல எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு.

ஆசாரி அவ தொங்கட்டானக் கழட்டிட்டு அந்தக் குட்டிக் கம்மல மாட்டி விட்டாரு. அண்ணன் அவ காத ஒத்தை வெரலால தொட்டுப் பாத்தாரு.

"அன்னைக்கு ரொம்ப அழுதியா தாயி?"

"எனக்கு எப்படி மாமா தெரியும், ஒரு வயசு. அம்மாதான் வருசா வருசம் அந்தத் தேதிக்கு அழுகும்."

அடியே, நான் எங்கடி அழுதேன்னு கேக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மதினி எங்கையப் பிடிச்சுக்கிட்டாக.